நிலநடுக்கக் கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது யார் வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகளுக்காக (பயனர் கேட்டதைத் தாமே கருவிகளை இயக்கிச் செய்துதரும் மென்பொருள்களுக்காக) மாணவர்களும் இளம் நிரலாளர்களும் செய்து தரும் சிறு கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அதில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட கருவிகளுள் ஒன்று, எங்கே எப்போது நிலம் நடுங்கியது என்று கேட்டால் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பொதுத் தரவுத்தளத்தில் தேடி விடை சொல்வது. அப்படிப்பட்ட கருவியை ஒரு பிற்பகலில் எழுதி முடித்துவிடலாம் என்று கட்டுரை சொல்கிறது, அது உண்மைதான். ஆனால் அந்தக் கருவியோடு சேர்த்து எழுத வேண்டிய விளக்கக் குறிப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மென்பொருள்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில், வேலையின் கடினமான பாதி அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். அதைக் கருவியைச் செய்தவரே எழுத வேண்டும் என்பதும், ஏன் எழுத வேண்டும் என்பதுமே இக்கடிதத்தின் பொருள்.

ஏஜென்ட் ஒரு கருவியைப் பயன்படுத்தும்போது அதன் நிரலைப் படிப்பதில்லை. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் சில வரிகள், என்னென்ன உள்ளீடுகளை ஏற்கும் என்ற பட்டியல் ஆகியவையே அதன் பார்வைக்கு வருகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் அமைப்பு இதுதான். பயனர் கேட்ட கேள்வியை உள்ளீடுகளாக மாற்றுவதும், திரும்பி வந்த எண்களை வாக்கியமாக்கிச் சொல்வதும் ஏஜென்ட்டின் பொறுப்பு. மனிதர் ஒருவர் நேரடியாக அந்தத் தரவுத்தளத்தின் பக்கத்துக்குப் போனால் வரைபடத்தைப் பார்ப்பார், ஏதோ இடிக்கிறதே என்று தோன்றினால் நிறுத்தி யோசிப்பார். ஏஜென்ட்டோ, குறிப்பில் சொல்லாமல் விட்ட இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு மேலே போய்விடும். நிலநடுக்கத் தரவைப் பொறுத்தவரை இந்த ஊகம் தவறும்போது பெரும்பாலும் பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. தவறான விடை சரளமாக வந்து நிற்கும்.

மகாராஷ்டிரத்தின் கில்லாரி நிலநடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு மக்கள் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்த 1993 செப்டம்பர் 30 அதிகாலை 3.55 மணிக்கு லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களின் கிராமங்கள் தரைமட்டமாயின. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். இந்தியாவில் யாரைக் கேட்டாலும், எந்தப் பாடநூலைப் புரட்டினாலும் தேதி செப்டம்பர் 30 தான். ஆனால் அமெரிக்க மையத்தின் பட்டியலில் அந்த நிலநடுக்கம் செப்டம்பர் 29, 22 மணி 25 நிமிடம் என்று பதிவாகியிருக்கிறது. அந்தத் தரவுத்தளம் முழுவதும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இயங்குவதே காரணம். நேர மண்டலத்தைக் குறிப்பிடாமல் தேதியை மட்டும் கொடுத்தால் அது யுடிசி நேரம் என்றே கொள்ளப்படும். "1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூரில் என்ன நடந்தது?" என்று ஒருவர் கேட்க, ஏஜென்ட் தொடக்க நேரமாக செப்டம்பர் 30, முடிவு நேரமாக அக்டோபர் 1 என்று கொடுத்தால், தேடல் இந்திய நேரப்படி காலை 5.30 மணிக்குத்தான் தொடங்கும். முதன்மை அதிர்வு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நிகழ்ந்துவிட்டது. ஏதாவது கிடைத்தாலும் பின்னதிர்வுகளே கிடைக்கும். அவற்றுள் பெரியதை எடுத்து "அன்றைய நிலநடுக்கம் இதுதான்" என்று ஏஜென்ட் சொல்லிவிடும் ஆபத்தும் உண்டு. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5.30 வரை நம் நாட்டில் நிகழும் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் இந்தக் கதிதான். இதற்குத் தேவையான திருத்தம் ஒரே வரி: இந்திய நேரத்தில் கேட்கப்பட்ட தேதியாயின் நேரத்தோடு "+05:30" என்று சேர்த்து அனுப்புக. தரவுத்தளம் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த ஒரு வரியைக் குறிப்பில் யாராவது எழுதியிருக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றியே இன்னும் இரண்டு செய்திகள். தொடக்க நேரம் கொடுக்கப்படாவிட்டால் தரவுத்தளம் கடந்த 30 நாள்களை மட்டுமே தேடும். குஜராத்தில் இதுவரை நிகழ்ந்தவற்றுள் பெரிய நிலநடுக்கம் எது என்று கேட்டவருக்குப் போன மாதத்தின் பெரிய அதிர்வு விடையாக வந்து சேரும். முடிவு நேரமாக வெறும் தேதி கொடுத்தால் அது அந்த நாளின் தொடக்கமான நள்ளிரவைக் குறிக்கும். அந்த நாள் முழுவதும் தேடலுக்கு வெளியே நின்றுவிடும்.

இடத்தைக் குறிப்பிடுவதில் இருக்கும் குழப்பம் இதைவிட வேடிக்கையானது. நாம் பழக்கத்தால் அட்சரேகையை முன்னும் தீர்க்கரேகையைப் பின்னும் சொல்கிறோம். இந்தத் தரவுத்தளம் விடையைத் தரும் ஜியோஜேசன் என்ற தரவு வடிவத்தில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்தும் ஆழம் மூன்றாவதாகவும் வருகின்றன. சென்னையின் அட்சரேகை வடக்கு 13.08, தீர்க்கரேகை கிழக்கு 80.27. இவ்விரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் ஆர்க்டிக் பெருங்கடலில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஓரிடம் கிடைக்கும். அட்சரேகை 90 பாகைக்குள் இருந்தால் தரவுத்தளம் மறுப்புச் சொல்லாது என்பதால், தமிழ்நாட்டின் எந்த ஊரை இப்படி மாற்றிப் போட்டாலும் தேடல் தடையின்றி நடக்கும். போர்ட் பிளேரின் தீர்க்கரேகை 92 பாகையைத் தாண்டிவிடுவதால் அந்தமான்காரர் ஒருவருக்கானால் பிழைச்செய்தி வந்து உண்மை வெளிப்படும். ஸ்வால்பார்டுக்கு மேற்கே நடுக்கடல் மலைத்தொடர் ஒன்று ஓடுவதால் அங்கே நிலநடுக்கங்களுக்கும் பஞ்சமில்லை. சென்னைக்கு அருகே அடிக்கடி நிலம் நடுங்குகிறது என்ற செய்தி எண்களோடு தயாராகிவிடும். தேடும் சுற்றளவிலும் இதே போன்ற பொறி உண்டு. ஆரத்தைக் கிலோமீட்டரில் ஏற்கும் உள்ளீடு ஒன்றும் பாகையில் ஏற்கும் உள்ளீடு ஒன்றும் தனித்தனியே இருக்கின்றன. ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டர் என்று நினைத்துப் பாகைக்கான உள்ளீட்டில் 100 என்று எழுதினால் உலகின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு தேடலுக்குள் வந்துவிடும்.

ஆரத்தைச் சரியாகவே கொடுத்தாலும் கேள்வி தவறாக இருக்கலாம் என்பதைத் தமிழகக் கடற்கரைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரம் 6.28 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் நிலம் பிளந்தது. அந்த மையம் சென்னையிலிருந்து சுமார் 2000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்ற அலைக்குக் காரணமான நிலநடுக்கம், நாகையைச் சுற்றி 500 கிலோமீட்டருக்கோ 1000 கிலோமீட்டருக்கோ தேடினால் பட்டியலில் வராது. போதாததற்கு, தரவுத்தளம் அந்த நிலநடுக்கத்தை ஒரு புள்ளியாகத்தான் காட்டும்; உண்மையில் உடைந்த பிளவு சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1300 கிலோமீட்டர் நீளம். ஆகவே "அருகில்" என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏஜென்ட் தானாக ஓர் ஆரத்தைத் தேர்ந்தெடுப்பதைக் குறிப்பு தடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் எந்த ஆரத்தை எடுத்தது என்பதைப் பயனரிடம் சொல்லவும் கட்டாயப்படுத்த வேண்டும்.

சுனாமி பற்றிப் பேசுகையில் இந்தத் தரவில் உள்ள மிக ஆபத்தான புலத்தை, அதாவது ஒரு தகவலுக்கான கட்டத்தை, சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் "சுனாமி" என்ற பெயரில் ஒரு புலம் உண்டு. மதிப்பு 0 அல்லது 1. யார் பார்த்தாலும் 1 என்றால் சுனாமி வரும், 0 என்றால் வராது என்றே நினைப்பார்கள். அந்த மையத்தின் சொந்த விளக்கமோ, கடற்பகுதிகளில் நிகழும் பெரிய நிலநடுக்கங்களுக்கு 1 இடப்படும், சுனாமி வந்ததா வருமா என்பதற்கு அந்த எண் சான்றாகாது என்று தெளிவாகச் சொல்கிறது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தபோது சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் வெளியே ஓடிவந்தார்கள். அங்கே பாறைத் தளங்கள் பக்கவாட்டில் நகர்ந்தனவே தவிரக் கடலடித் தரை பெரிதாக மேலெழவில்லை. எனவே பேரலையும் எழவில்லை. அளவை மட்டும் வைத்துச் சுனாமியைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் கரைகளுக்கு எச்சரிக்கை விடுப்பது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனப்படும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் பணி. 2007 முதல் அது அந்தப் பணியைச் செய்துவருகிறது. சுனாமி என்ற கேள்வி வந்தால் இந்தக் கருவியிலிருந்து விடை சொல்லாதே, அந்த மையத்தின் அறிவிப்பைப் பார்க்கச் சொல் என்று குறிப்பில் எழுதாத கருவி கடலோர மாவட்டங்களில் புழங்கவே கூடாது என்பது என் கருத்து. 2004இல் ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் அளவை 8.0 என்று மதிப்பிட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 8.5 என்றது. இன்று அமெரிக்க மையத்தின் பட்டியலில் அது 9.1. அந்த முதல் மணி நேரத்தில் ஒருவர் ஏஜென்ட்டிடம் கேட்டிருந்தால், உண்மையைவிடப் பல மடங்கு சிறிய நிலநடுக்கம் ஒன்றைப் பற்றித்தான் விடை கிடைத்திருக்கும்.

அளவு என்பது ஒரே எண் அல்ல என்பதைச் செய்தித்தாள் வாசகர்களாகிய நாமே இன்னும் சரியாகக் கற்கவில்லை. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தை இந்திய வானிலை ஆய்வுத் துறை 6.9 என்று அறிவித்தது. அமெரிக்க மையம் 7.7 என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருவர் பொய் சொல்கிறார் என்று அப்போது பலர் பேசினார்கள். அளக்கும் முறைகள் வேறு. நிலத்தில் ஓடும் அலையின் வீச்சை வைத்துக் கணக்கிடும் பழைய முறைகள் மிகப் பெரிய நிலநடுக்கங்களில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பிளவின் பரப்பையும் நகர்வையும் வைத்துக் கணக்கிடும் திருப்புத்திறன் அளவு அந்தக் குறையைத் தவிர்க்கும். 0.8 என்ற வேறுபாடு காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், ஆற்றலில் ஏறத்தாழ 16 மடங்கு. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் அளவின் வகை தனிப் புலமாகத் தரப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் எல்லாவற்றையும் "ரிக்டர் அளவு" என்று எழுதிவிடும் வழக்கத்தை ஏஜென்ட்டுகள் நம்மிடமிருந்தே கற்றுக்கொண்டன என்று சொன்னால் தாங்கள் வருந்த மாட்டீர்கள் என நம்புகிறேன். ஆழத்திலும் இதே கவனம் வேண்டும்: 10 கிலோமீட்டர் என்ற முழு எண் பல பதிவுகளில் அளந்து கண்டதல்ல, ஆழத்தைச் சரியாகக் கணிக்க இயலாதபோது வைத்துக்கொள்ளும் வழக்கமான மதிப்பு.

இப்போது ஒரு செய்தித்தாளின் அனுபவத்தைச் சொல்கிறேன். தங்களுக்கு இது மற்றவர்களைவிட நெருக்கமாகப் படும். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழிடம் குவேக்பாட் என்ற தானியங்கி நிரல் இருந்தது. அமெரிக்க மையத்திலிருந்து வரும் அறிவிப்பைப் படித்து நிலநடுக்கச் செய்தியைத் தானே எழுதும். 2017 ஜூன் 21 அன்று சாண்டா பார்பராவுக்கு அருகே 6.8 அளவில் நிலநடுக்கம் என்று அது செய்தி வெளியிட்டது. கலிஃபோர்னியாவில் ஓர் இலைகூட அசையவில்லை. நடந்தது என்னவென்றால், 1925 ஜூன் 29 அன்று அங்கே நிகழ்ந்த பழைய நிலநடுக்கத்தின் மைய இடத்தை ஆய்வாளர்கள் பட்டியலில் திருத்தியபோது, அது புதிய நிகழ்வுபோல அறிவிப்பாகப் போய்விட்டது. அந்த அறிவிப்பில் ஆண்டு 2025 என்று இருந்தது. அதாவது, எட்டு ஆண்டுகள் கழித்து நடக்கப்போகும் நிலநடுக்கத்தை நிரல் நடந்ததாக எழுதியது. வருங்காலத் தேதி வந்தால் நில் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. பிழையான அறிவிப்பு மூலத்திலிருந்தே வந்தது என்பது உண்மை. ஆனாலும் அதைத் தடுத்து நிறுத்தியிருக்கக் கூடிய தகவல் அந்த அறிவிப்புக்குள்ளேயே இருந்தது. இன்றைய ஏஜென்ட்டுகள் அந்த நிரலைவிடப் பல மடங்கு திறமையானவை. ஆயினும், ஒரு பதிவு தானியங்கியாகக் கணிக்கப்பட்டதா, ஆய்வாளர் சரிபார்த்ததா என்று சொல்லும் நிலைப் புலத்தையும், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று சொல்லும் புலத்தையும் பார்க்கும்படி குறிப்பு சொல்லாவிட்டால் அவையும் அதே பள்ளத்தில்தான் விழும்.

வெற்றுப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் ஊரில் இந்தக் கருவியிடம் கேட்கப்படும் கேள்விகளுள் பெரும்பாலானவற்றுக்கு அதுவே விடையாக வரும். இரவில் பாத்திரம் அதிர்ந்தது, கதவு ஆடியது என்று யாராவது கேட்பார்கள். அமெரிக்க மையம் தன் நாட்டுக்கு வெளியே பொதுவாக 4.5 அளவுக்கு மேற்பட்டவற்றையே தவறாமல் பதிவுசெய்கிறது. நம் நாட்டின் சிறு அதிர்வுகளைத் தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலில்தான் தேட வேண்டும். "எதுவும் கிடைக்கவில்லை" என்பதை ஏஜென்ட் "நிலநடுக்கம் எதுவும் நிகழவில்லை" என்று மொழிபெயர்த்துச் சொல்வதைக் குறிப்பு வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும். எதிர்காலத்தைப் பற்றிய கேள்விக்கும் இப்படியே. எந்த அறிவியலாளரும் இதுவரை ஒரு பெரிய நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொன்னதில்லை என்று அமெரிக்க மையமே சொல்கிறது. அதன் தரவை வைத்து ஓர் ஏஜென்ட் சோதிடம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

இவ்வளவையும் எழுதினால் குறிப்பு நீண்டுவிடும், ஒவ்வொரு முறையும் ஏஜென்ட் அதைப் படிப்பதால் செலவும் கூடும் என்று நிரலாளர்கள் சொல்வார்கள். நியாயமான கவலைதான். ஆனால் எல்லாவற்றையும் முகப்பிலேயே கொட்ட வேண்டியதில்லை. நான் எழுதுவதாயின் முகப்புக் குறிப்பு இப்படி இருக்கும்: "அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் பட்டியலில், நிகழ்ந்து முடிந்த நிலநடுக்கங்களைத் தேடும். தேதிகளை நேர மண்டலத்தோடு கொடுக்கவும். இந்திய நேரமாயின் +05:30. தொடக்க நேரம் கட்டாயம். ஆரம் கிலோமீட்டரில் மட்டும். இந்தியாவில் 4.5 அளவுக்குக் குறைந்தவை விடுபட்டிருக்கலாம். விடை காலியாக இருந்தால் 'இப்பட்டியலில் பதிவு இல்லை' என்று மட்டும் சொல்லவும். சுனாமி அபாயத்தையோ வரப்போகும் நிலநடுக்கத்தையோ இக்கருவியைக் கொண்டு கூறக் கூடாது." மற்றவற்றைக் கருவியின் விடைக்குள் வைத்துவிடலாம். தொடக்க நேரத்தைக் கட்டாயமாக்கினால் 30 நாள் சிக்கல் தீர்ந்தது. பாகைக்கான உள்ளீட்டையே எடுத்துவிட்டால் ஆரச் சிக்கல் தீர்ந்தது. நேரத்தை இந்திய நேரத்திலும் யுடிசியிலும் இரண்டு வரிகளாகத் தருவது, அட்சரேகை தீர்க்கரேகைகளைப் பெயரிட்டுத் தனித்தனியே தருவது, அளவோடு அதன் வகையையும் நிலையையும் சேர்த்தே தருவது, சுனாமிப் புலத்தை அடியோடு நீக்கிவிடுவது ஆகியவை நிரலில் சில வரிகள். எழுதித் தடுக்க வேண்டிய தவறுகளில் பாதியை இப்படி அமைப்பிலேயே தடுத்துவிடலாம். எது எந்தப் பாதி என்று தெரிவதற்குத்தான், குறிப்பை எழுதுபவரும் கருவியைச் செய்பவரும் ஒருவராக, அல்லது ஒரே மேசையில் அமர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்கிறேன். கல்லூரிகளில் இத்தகைய கருவிகளுக்குப் போட்டி நடத்துவோர், நிரலுக்கு மதிப்பெண் போடுவதைப் போலவே இந்தக் குறிப்புக்கும் போட்டால் நன்றாக இருக்கும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நிலநடுக்கச் செய்திகளில் அளவும் இடமும் தவறாமல் வருகின்றன. நேரம் எந்த நேரம், அளவை வெளியிட்டது எந்த மையம், அது முதற்கணிப்பா திருத்தப்பட்டதா என்பவை பெரும்பாலும் விடுபடுகின்றன. நாளை ஏஜென்ட்டுகள் தரவுத்தளத்தோடு தங்கள் பழைய செய்திகளையும் படித்துத்தான் விடை சொல்லப்போகின்றன. அந்த மூன்றையும் செய்தியின் கடைசி வரியில் சிறிய எழுத்தில் அச்சிட்டாலும் போதும். மேற்சொன்ன கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், அதில் விடுபட்ட விளக்கக் குறிப்புப் பற்றியும் எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி